மரகதம் என்றால் புரியாதா?



சென்ற ஆண்டு விழாவின் கோலாட்டத்திற்கு 'எமரால்டு கிரீன்' தாவணி வேண்டுமென்று நாமே துண்டுத்தாளில் எழுதி வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினோம். வந்தவையோ கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மயில்கழுத்துப் பச்சை! அய்யலூர்ச் சந்தையில் தக்காளி விற்ற காசில் ஒரு தாய் ஆசையோடு வாங்கித் தந்தது இலைப்பச்சை. அவர் மகளைப் பின்வரிசையில் நிறுத்தினோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. குற்றம் அந்தத் தாயுடையதன்று, நம்முடையது. மரகதப் பச்சை என்று எழுதியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். அவருடைய மாமியார் பெயரே மரகதம்!

பிறமொழிப் பெயரில்தான் அழகு என்பது நம்மில் பலர் எண்ணம். சரி, பிறமொழிக்கே போவோம். இத்தாலியர் இந்நிறத்தை 'ஸ்மெரால்தீனோ' என்பர். கல்லின் பெயர் ஸ்மெரால்தோ. அதன் நிறமுடையது ஸ்மெரால்தீனோ. இச்சொல் இலத்தீன் வழியே கிரேக்க 'ஸ்மராக்தோஸ்' என்பதிலிருந்து வந்தது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ஸ்மராக்த, மரகத! இவை உறவுச் சொற்கள் என்பர் மொழியறிஞர். எமரால்டும் அதே குடும்பந்தான். மரகதமும் நமக்கு வடமொழி வழியாக வந்ததே. ஆயினும் எத்தனையோ தலைமுறையாக நம் பாட்டிமார்களின் பெயராகவே வாழ்ந்துவிட்டது. வீட்டுப் பெட்டியில் நகையிருக்க, அதையே பக்கத்து வீட்டில் இரவல் கேட்டோமே!

கல்லின் கதையும் இப்படித்தான். மரகதம் பெரில் என்னும் கனிம வகை. சிறிதளவு குரோமியமோ வனேடியமோ கலப்பதால் பச்சையாகிறது. அதன் உடன்பிறப்பான நீலப்பச்சைப் பெரில் நம் காங்கேயத்தருகே படியூரில் கிடைத்தது. கொடுமணலில் கல்மணி செய்த பட்டறைகளை அகழாய்வில் கண்டிருக்கிறார்கள். 79-இல் மறைந்த பிளினி என்ற ரோம அறிஞர், பெரில் இந்தியாவில் விளைவது என்றும், அதுவும் மரகதமும் ஓரினம் எனப் பலர் கருதுவதாகவும் எழுதி வைத்தார்.

அந்த இத்தாலியில் 1680-இல் பிறந்தவர்தாம் வீரமாமுனிவர். இங்கு வந்து தமிழ் கற்றுத் தேம்பாவணி பாடியதோடு நில்லாமல், 1732-இல் சதுரகராதியும் தொகுத்தார். தாய்மொழியல்லாத மொழியின் சொற்களை அவர் தேடித்தேடிச் சேர்த்தார். நாமோ இருக்கும் சொல்லைக் கைவிட்டு ஒரு தோழியைப் பின்வரிசைக்கு அனுப்பினோம்.

இவ்வாண்டுத் துண்டுத்தாளில் 'மரகதப் பச்சை' என்றே எழுதியுள்ளோம். கூடவே ஒரு துணித்துண்டையும் குண்டூசியால் குத்தி அனுப்புகிறோம். ஏனென்றால், எது மரகதப் பச்சை என்பதில் எங்கள் வகுப்பிலேயே இரண்டு கட்சி!