எச்சில் பட்டது, டாக்டர்

நான் கையைத் தூக்கியதை நீங்கள் பார்த்தீர்கள். "இதோ முடிந்துவிட்டது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றீர்கள். வலிக்கிறது என்று நினைத்துவிட்டீர்கள். மரத்துப்போன வாயில் வலி ஏது? பல்லில் எச்சில் பட்டுவிட்டது என்று சொல்லத்தான் கையைத் தூக்கினேன்.

மதுரையில் ஒரு பல் டாக்டரிடம் 9 வருஷம் உதவியாளராக நின்றவள் நான். ஆசிட் ஜெல் வைத்து, பதினைந்து இருபது நொடியில் கழுவிக் காற்றடித்தால் எனாமல் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுக்கும். அந்த வெளுப்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத குழிகள். பாண்ட் என்ற பசை அவற்றுக்குள் இறங்கிப் பிடித்தால்தான் அடைப்பு நிற்கும். அந்த நேரத்தில் ஒரு நொடி எச்சில் பட்டாலும் போச்சு. அதிலுள்ள புரதம் படலமாகப் படிந்து குழிகளை மூடிவிடும். வெறும் தண்ணீருக்கு அது போகாது. "எச்சில் பட்டாச்சும்மா, ஜெல்லை எடு" என்பார் எங்கள் டாக்டர். திரும்பவும் ஆசிட், திரும்பவும் கழுவி உலர்த்தல். இரண்டு நிமிஷம்கூட ஆகாது. வெளியே பெஞ்சு நிறைய ஆள் காத்திருந்தாலும் அதை மட்டும் அவர் விட்டதில்லை.

இந்த ஆக்லாந்தில், உங்கள் அறையில் என்ன நடந்தது? கன்னத்தோரம் வைத்த பஞ்சு ஊறிக் கிடந்தது, மாற்றவில்லை. சக்‌ஷன் பிடித்திருந்த பெண்ணை யாரோ கூப்பிட, குழாய் விலகியது. என் நாக்கு போய் அந்தப் பல்லில் உரசியது. அதன் கரகரப்பை நாக்கு நுனியில் உணர்ந்தேன். கையைத் தூக்கினேன். நீங்களோ ஒருமுறை காற்றை ஊதிவிட்டு பாண்டைத் தடவினீர்கள். என் உதட்டில் பட்டு ஈரமான அதே கையுறை விரலால் காம்போசிட் பிசினை அழுத்தினீர்கள். நீல விளக்கு எரிந்தது. எச்சிலை உள்ளே வைத்தே பூட்டிவிட்டீர்கள்.

எச்சிலோடு மல்லாடிச் சலித்துத்தான் நியூயார்க்கில் சான்ஃபோர்ட் பார்னம் என்ற பல் மருத்துவர் 1864-ல் ஒரு ரப்பர் துண்டில் ஓட்டை போட்டுப் பல்லில் மாட்டினார். ஆசிட் வைத்தால் பிசின் பல்லைப் பிடிக்கும் என்று மைக்கேல் பியூனோகோர் காட்டியது 1955-ல். அதற்கு 91 வருஷம் முன்பே பல்லை உலர்வாக வைக்க வழி இருந்தது. எனக்கு அந்த ரப்பர் துண்டை, ஒரு ரப்பர் டேமைப் போட உங்களுக்கு மனம் வரவில்லையே!

எட்டாவது மாதம் அடைப்பு பெயர்ந்து வந்தது. இட்லி சாப்பிடும்போது. ஓடி வந்தேன். "கடினமானதைக் கடித்திருப்பீர்கள்" என்றீர்கள். இட்லியையா, டாக்டர்? அதற்குள் அடியில் புதுச் சொத்தை நரம்புவரை போயிருந்தது. இந்த நியூசிலாந்தில் 18 வயதுவரைதான் பல் வைத்தியம் இலவசம். அதற்குமேல் பெரும்பாலும் நம் கைக்காசு. முதல் அடைப்புக்கு 320 டாலர் கொடுத்தேன். இப்போது ரூட் கெனாலுக்கும் கேப்புக்கும் 2,000 டாலருக்கு மேல் கேட்கிறார்கள். இரவு வேலையில் பிளாட்பாரம் பெருக்கிச் சேர்த்த காசு அது.

காசைவிட, "கடித்திருப்பீர்கள்" என்ற அந்தச் சொல்தான் அறுக்கிறது. உண்மையைச் சொல்லாமல் பழியை என் தட்டில் வைத்தீர்கள். இதே ஆக்லாந்தின் நேஷனல் விமன்ஸ் ஆஸ்பத்திரியில், புற்றுநோயின் முன்நிலை இருந்த பெண்களுக்கு உரிய சிகிச்சை தராமல், அதை அவர்களிடம் சொல்லாமலும் வைத்திருந்தார்கள். நீதிபதி சில்வியா கார்ட்ரைட் விசாரித்து 1988-ல் அறிக்கை கொடுத்தார். அதன் வழியாகத்தான் 1996-ல் நோயாளிகளின் உரிமை விதிகள் வந்தன. அந்தப் பெண்கள் பட்டதன் பக்கத்தில் என் பல் ஒன்றுமே இல்லை, தெரியும். ஆனால் அவர்கள் பட்ட பாட்டால்தான், கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் பெறும் உரிமை எனக்குக் கிடைத்தது. உங்கள் வரவேற்பறைச் சுவரிலேயே அது ஒட்டியிருக்கிறதே!

பெயர்ந்த துண்டை மாத்திரை டப்பாவில் வைத்திருக்கிறேன். சரியாகப் பிடித்திருந்தால் உடைந்து பாதி பல்லில் நின்றிருக்கும், அல்லது பல்லின் சில்லைப் பெயர்த்துக்கொண்டு வந்திருக்கும். இது அச்சில் வார்த்ததுபோல் முழுசாக வந்திருக்கிறது. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், டாக்டர். கழுவிய பீங்கான் மாதிரி வழவழவென்று இருக்கிறது.