பேனாவா? லேப்டாப்பா?

பேராசிரியர் பாடம் நடத்துகிறார். ஒரு மாணவர் நோட்டில் எழுதுகிறார். பக்கத்தில் இருப்பவர் லேப்டாப்பில் டைப் அடிக்கிறார். மூன்றாவது மாணவர் கரும்பலகையைச் செல்போனில் படம் பிடித்துக்கொள்கிறார்.

பாடம் ஒன்றுதான். யார் மனதில் அது நிற்கும்?

தமிழக அரசு 2011-ம் ஆண்டில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. பல வீடுகளுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். ஆகவே, இந்தக் கேள்வி பெற்றோருக்கும் உண்டு.

மாணவர்கள் சொல்வது

"லேப்டாப்பில் ஒரு வார்த்தைகூட விட்டுப்போகாது" என்கிறார்கள் சிலர். "கையால் எழுதினால்தான் மனதில் பதிகிறது" என்கிறார்கள் வேறு சிலர். படம் பிடிப்பவர்களோ, "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். அந்தப் "பிறகு" பெரும்பாலும் பரீட்சைக்கு முந்தின இரவுதான்!

அமெரிக்காவில் சோதனை

அமெரிக்காவில் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2014-ல் வெளிவந்தது.

மாணவர்களுக்குச் சுமார் 15 நிமிடப் பேச்சுகளைத் திரையில் காட்டினார்கள். சிலர் கையால் எழுதினார்கள். சிலர் டைப் அடித்தார்கள். பிறகு கேள்விகள் கேட்கப்பட்டன. ஆண்டு, பெயர் போன்றவற்றில் இரு சாராரும் சமம். "ஏன்? எப்படி?" என்ற கேள்விகளில் கையால் எழுதியவர்களே மேல்.

காரணம் என்ன? டைப் அடித்தவர்கள் காதில் விழுந்ததை அப்படியே பதிவு செய்திருந்தார்கள். "அப்படியே எழுதாதீர்கள்" என்று எச்சரித்தும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஆனால், வேறு ஆராய்ச்சியாளர்கள் இதே சோதனையைத் திரும்ப நடத்தி, 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். மார்க்கில் பெரிய வித்தியாசம் இல்லை! எனவே, பேனாதான் ஜெயித்தது என்று தீர்ப்புக் கூற முடியாது.

உண்மையான கஷ்டம்

தமிழில் பள்ளிப்படிப்பை முடித்தவர், கல்லூரியில் ஆங்கிலத்தில் பாடம் கேட்கிறார். புரியாததையும் விடாமல் எழுதுகிறார். நோட்டு நிரம்புகிறது, மண்டையில் ஏறுவதில்லை. பேனாவை மாற்றினாலும் இது தீராது.

இதற்கு ஒரு வழி உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் பாக் சொன்ன வழி அது.

பக்கத்தின் இடப்புறத்தில் இடம் விட்டுக் கோடு போட வேண்டும். வகுப்பில் எடுக்கும் குறிப்பு வலப்புறம். அதிலிருந்து எழும் கேள்விகள் இடப்புறம். அடியில் சொந்த வார்த்தைகளில் சுருக்கம். அதைத் தமிழில் எழுதினால் என்ன தவறு? பிறகு வலப்புறத்தை மறைத்துக்கொண்டு, கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பார்க்க வேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அதற்குப் பெரிய படிப்புத் தேவை இல்லை. "இன்று என்ன பாடம்? சொல்லு, கேட்கலாம்" என்றால் போதும். நோட்டைப் பார்க்காமல் பிள்ளை விளக்கிவிட்டால், எதில் எழுதியிருந்தாலும் அது நல்ல குறிப்புதான்.