காரைத் தினமும் துடைக்காதீர்கள்!

எங்கள் தெருவில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒரு சத்தம் கேட்கும். பட், பட் என்று துணியை உதறும் சத்தம். வீட்டுக்கு வீடு கார் துடைக்கிறார்கள். சிலர் தாங்களே துடைப்பார்கள். சிலர் மாதச் சம்பளத்துக்கு ஒரு பையனை வைத்திருக்கிறார்கள். ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி, பத்து கார். இதைச் சுத்தம் என்றும் பொறுப்பு என்றும் ஊரே நினைக்கிறது. நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நினைத்தேன். இப்போது சொல்கிறேன்: காருக்கு இதைவிடப் பெரிய கெடுதலை நாம் தினமும் செய்ய முடியாது.

படிப்பவர்கள் கோபப்பட வேண்டாம். முதல் குற்றவாளி நான்தான்.

2010-ல் புதுச்சேரியில் குமாஸ்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான ராஜபாளையத்துக்கு வந்து சேர்ந்தேன். கைக்கு வந்த பணத்தில் ஒரு சின்ன கார் வாங்கினோம். கருநீலம், அவள் எடுத்த நிறம். வெள்ளை வாங்கலாம், தூசி தெரியாது என்றேன். "தெரிஞ்சா தொடைங்க. ரிட்டயர் ஆகிட்டு வேற என்ன வேலை உங்களுக்கு?" என்றாள்.

வெள்ளிக்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கு அந்தக் காரில்தான் போவோம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் கொல்லம் – திருமங்கலம் நெடுஞ்சாலையில் கேரளா லாரிகளுக்குப் பின்னால் போய்த் திரும்பினால் கார் மேல் ஒரு படலம் படிந்திருக்கும். மறுநாள் காலையில் துணியோடு இறங்கிவிடுவேன். பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி. புண்ணுக்குக் கட்டுகிற துணியைவிட மிருதுவான துணி உண்டா என்று பெருமை வேறு.

அவள் போய் இரண்டு வருஷமாகிறது. மகன் வற்புறுத்தியதால் போன தை மாதம் காரைப் பார்க்க ஒரு புரோக்கர் வந்தார். வெயிலில் நிறுத்தச் சொன்னார். பானெட்டின் மேல் சாய்ந்து பார்த்தார். "பெயிண்ட் போச்சே சார்" என்றார். இருபதாயிரம் குறைத்துக் கேட்டார். நானும் சாய்ந்து பார்த்தேன். சூரியன் விழுந்த இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது மாதிரி மெல்லிய கோடுகள். வட்டமாகத் தெரிந்தாலும் அவை எல்லாத் திசையிலும் ஓடுகிற சின்னச் சின்னக் கீறல்கள். வெளிச்சம்தான் அப்படி வட்டமாகக் காட்டுகிறது. கல் பட்டதல்ல, மாடு உரசியதல்ல. முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளில் கையெழுத்துப் போட்டவன் நான். இதுவும் என் கையெழுத்துதான்.

காரை விற்கவில்லை. உட்கார்ந்து படித்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் கண்ணாடிக் கிணறு இருக்கிறது. ஆண்டாள் மாலை சூடி அதில்தான் அழகு பார்த்தாள் என்பார்கள். அலையில்லாத தண்ணீரில் முகம் தெரியும், ஒரு கல்லைப் போட்டால் போச்சு. காரின் பளபளப்பும் அவ்வளவுதான். மேற்பரப்பு சமமாக இருந்தால் வெளிச்சம் ஒழுங்காகத் திரும்பும். கீறல் விழுந்தால் சிதறும், மங்கலாகத் தெரியும்.

இன்றைய காரில் நிறத்துக்கு மேல் நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது. கிளியர் கோட் என்கிறார்கள். நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அந்த மொழியில் இதற்கு 'வெர்னி', அதாவது வார்னிஷ் என்று பெயர். அந்தச் சொல்லைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. இதன் கனம் சுமார் 40 மைக்ரான். நம் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். முடியை விட மெல்லிய இந்தத் தோல்தான் வெயிலிலிருந்து நிறத்தைக் காக்கிறது. தூசியில் இருக்கும் மணல் இந்த வார்னிஷைவிடக் கடினமானது. காய்ந்த தூசிமேல் துணி வைத்துத் தேய்த்தால் அது உப்புத்தாள் வேலையைச் செய்யும். துணி மிருதுவாக இருந்து என்ன பயன்? கீறுவது துணியா, மணல்தானே!

சரி, கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். இங்கேதான் பெரிய ஏமாற்றம். பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள வார்னிஷைச் சீவி எடுக்கிறது. பளபளப்பு என்பது கழித்தல் கணக்கு. அரசு ஊழியர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன்: வார்னிஷ் என்பது ஜி.பி.எஃப். மாதிரி. ஒரே வித்தியாசம், இதில் எடுக்க மட்டுமே முடியும். மாதச் சந்தா கிடையாது, வட்டியும் கிடையாது. கணக்கு தீர்ந்தால் கூரையிலும் பானெட்டிலும் வெள்ளை வெள்ளையாக உரியும். அதற்குப் பிறகு மறுபடி பெயிண்ட் அடிப்பதுதான் வழி.

பழைய டிரைவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அந்தக் காலத்து அம்பாசடர்களில் வார்னிஷ் கிடையாது, மேலே இருந்தது நிறமேதான். வெயிலில் வெளுத்த மேல்தோலை அடிக்கடி தேய்த்து எடுத்தால்தான் உள்ளே இருக்கும் நிறம் வெளியே வரும், துணியிலும் ஒட்டும். அந்தக் காருக்கு அது வைத்தியம். அதே வைத்தியத்தை இந்தக் காருக்கும் செய்தால் உபத்திரவம்.

பேக்கேஜ் விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு சர்வீஸுக்கும் 'ரப்பிங் பாலிஷ்' என்று பில்லில் ஒரு வரி சேர்க்கிறார்கள். நானும் ஒரு முறை செய்துகொண்டேன், எங்கே என்று எழுதப் போவதில்லை. கார் கண்ணாடி மாதிரி வந்தது. நாலு முறை கழுவியதும் பழைய கோடுகள் அத்தனையும் திரும்பிவிட்டன. எண்ணெய்ப் பசையைக் கீறல்களில் நிரப்பி மறைத்திருக்கிறார்கள். பிரெஞ்சில் பளபளப்பாக்கப்பட்டது என்பதற்கு 'போலி' என்று சொல்வார்கள். அந்த ஒரு சொல்லில் இரண்டு மொழியும் சேர்ந்து உண்மையைச் சொல்லிவிட்டன!

நல்ல தொழில்காரர்கள் இல்லாமல் இல்லை. அவர்களைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: "பெயிண்ட் கனம் எவ்வளவு இருக்கிறது, அளந்து பார்த்தீர்களா?" அதற்குக் கருவி இருக்கிறது. அளக்காமல் மெஷினைக் கையில் எடுப்பவரிடம் காரை விடாதீர்கள்.

"எழுபத்தஞ்சு வயசுல இதெல்லாம் எதுக்கு சார், கடையில விட்டுட்டுப் போங்க" என்கிறார் எதிர்வீட்டு அண்ணாச்சி. அண்ணாச்சி, என் கைக்கு வேகம் இல்லை. புதிதாகக் கற்றுக்கொள்பவனுக்கு அதுவே பாதுகாப்பு. வேகமான மெஷின் ஒரு விளிம்பில் ஒரு நிமிஷம் நின்றாலே வார்னிஷ் போய்விடும். என் கை அதற்குள் வலித்து நின்றுவிடும்.

நான் செய்தது இதுதான். நிழலில், வண்டி சூடில்லாதபோது, முதலில் வெறும் தண்ணீர் விட்டு மணலை இறக்கினேன். பிறகு இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். கூரையில் தொடங்கிக் கீழே வரவேண்டும், கதவின் அடிப்பாகம் கடைசி. போர் தண்ணீர் காய்ந்தால் உப்புப் புள்ளி விழும், அதனால் உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தேன். தரையில் விழுந்த துணியை மறுபடி காரில் வைக்கவில்லை. கறுப்புப் பிளாஸ்டிக் ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டினேன். டிக்கி மூடியில் ஒரு சதுர அடி மட்டும் எடுத்துக்கொண்டு, இருப்பதிலேயே மென்மையான பாலிஷைப் போட்டுப் பார்த்தேன். பாதிக் கோடுகள் போயின. அதோடு நிறுத்திவிட்டேன். மீதியும் போகவேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தால் இன்னும் வலுவான மருந்து எடுத்திருப்பேன். நகம் மாட்டுகிற கீறலைத் தொடவே இல்லை. அது பாலிஷுக்குப் போகாது. மற்ற பாகங்களையும் அப்படியே செய்து, மேலே மெழுகு பூசினேன். ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஆனது. இனி அடுத்த சில வருஷத்துக்குப் பாலிஷ் டப்பாவைத் திறக்கப் போவதில்லை.

கார் துடைக்கிற பையனை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவன் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். தினமும் உலர்ந்த துணியால் துடைப்பதற்குப் பதில், வாரம் ஒரு முறை தண்ணீர் விட்டு ஒழுங்காகக் கழுவச் சொல்லுங்கள். அவனுக்கும் காலைத் தூக்கம் மிஞ்சும்.

இன்று சனிக்கிழமை. நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்தேன், தனியாகத்தான். பானெட்டில் விரலால் பெயர் எழுதும் அளவுக்குத் தூசி. அண்ணாச்சி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். தெரிந்தால் துடையுங்கள் என்றாள் அவள். நன்றாகவே தெரிகிறது. நாளைக் காலை இரண்டு வாளித் தண்ணீரோடு இறங்குவேன். அதுவரை துணி கொடியிலேயே கிடக்கட்டும்.