கோவிலைச் சுற்றிக் காடு!
எத்தியோப்பியாவில் மரம் காக்கும் பக்தி

ஆப்பிரிக்கா கண்டத்தில் எத்தியோப்பியா என்று ஒரு நாடு இருக்கிறது. அபிசீனியா என்பது அதன் பழைய பெயர்.

அந்த நாட்டின் வட பகுதியில், தெற்கு கோண்டார் என்ற மலை வட்டாரம் உண்டு. அதன் மேல் விமானத்தில் பறந்தால் ஒரு வினோதக் காட்சியைக் காணலாம்.

கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வயல்கள். மேய்ச்சல் நிலங்கள். இடையிடையே, பொட்டு வைத்தது போலப் பச்சை வட்டங்கள்!

ஒவ்வொரு வட்டமும் ஒரு காடு. காட்டின் நடுவே ஒரு கிறிஸ்தவ தேவாலயம்!

மரமே ஆடை

எத்தியோப்பியாவில் கிறிஸ்தவ மதம் மிகப் பழமையானது. 4-ம் நூற்றாண்டிலேயே எசானா என்ற மன்னர் அதைத் தழுவினார். இன்று அங்கே ஏறத்தாழ 35 ஆயிரம் ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்கள் இருக்கின்றன.

கோவிலைச் சுற்றி மரங்கள் இருக்கவேண்டும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. மரம் இல்லாத கோவில், துணி உடுத்தாத மனிதனைப் போன்றது என்று குருமார்கள் சொல்கிறார்கள். அந்தக் காடு ஏதேன் தோட்டத்தின் சாயல் என்றும் கருதுகிறார்கள்.

உழவுக்கும் விறகுக்கும் சுற்றிலும் இருந்த காடு அழிந்தது. கோவில் மரத்தில் கோடரி வைக்க மட்டும் மக்கள் அஞ்சினார்கள். சட்டமும் போலீசும் செய்ய முடியாததைப் பக்தி செய்தது!

சில காடுகள் ஏழெட்டு ஏக்கர்தான். சில, நூற்றுக்கணக்கான ஏக்கர். காட்டு ஒலிவ மரம் முதலிய நாட்டு மரங்கள் அங்கே பிழைத்து நிற்கின்றன. பயிரில் மகரந்தம் சேர்க்கும் தேனீக்களுக்கும் அதுதான் வீடு.

உள்ளே என்ன குறை?

வெளியே இருந்து பார்த்தால் காடு அப்படியே இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால்தான் ஆபத்து தெரியும்.

பெரிய மரங்கள் இருக்கின்றன. கன்றுகள் குறைவு. ஆடு மாடுகள் உள்ளே புகுந்து முளைகளைத் தின்றுவிடுகின்றன. கிழ மரம் விழுந்தால், அந்த இடத்தில் நிற்க இளமரம் இல்லை.

இன்னொரு ஆபத்து, தைல மரம். சீக்கிரம் வளரும், வெட்டி விற்றால் பணம் கிடைக்கும். 1975-ம் ஆண்டில் ராணுவ அரசு கிராம நிலங்களை எல்லாம் அரசுடைமை ஆக்கியது. கோவில்களும் தங்கள் நிலங்களை இழந்தன. நில வருமானம் போனபின் தைல மரப் பணத்துக்கு மதிப்பு கூடியது. ஆனால் அந்த மரம் நிலத்து நீரை நிறைய உறிஞ்சுகிறது. நாட்டு மரக்கன்றுகளின் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது.

கல்லால் ஒரு வேலி

அலெமாயெஹு வாசி என்பவர் எத்தியோப்பிய வன விஞ்ஞானி. அவரும், மார்கரெட் லோமன் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானியும் குருமார்களைக் கூட்டிப் பேசினார்கள். வானத்திலிருந்து எடுத்த படங்களைக் காட்டினார்கள். காடு எவ்வளவு சிறியது, எவ்வளவு தனித்து நிற்கிறது என்பதைக் குருமார்கள் கண்ணால் பார்த்தார்கள்.

முடிவு? காட்டைச் சுற்றிக் கற்சுவர்!

கல்லுக்குப் பஞ்சம் இல்லை. வயலில் கிடந்த கற்களை ஊர் மக்களே பொறுக்கி வந்து அடுக்கினார்கள். உழவனுக்கு வயல் சுத்தமாயிற்று. கோவிலுக்கு வேலி கிடைத்தது. சில ஊர்களில் சுவரைக் காட்டின் ஓரத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளியே கட்டினார்கள். ஏன்? காடு வளர இடம் வேண்டும் அல்லவா!

இரண்டு கட்டளை

ஆதாமை ஏதேன் தோட்டத்தில் வைத்த கடவுள், அவருக்கு இரண்டு வேலை கொடுத்தார் என்கிறது பைபிள். ஒன்று, தோட்டத்தைக் காப்பது. மற்றொன்று, அதில் பாடுபடுவது.

எத்தியோப்பிய மக்கள் முதல் வேலையைப் பல நூறு ஆண்டுகளாகச் செய்தார்கள். அதனால் மரம் மிஞ்சியது. ஆனால் வெட்டாமல் இருப்பது மட்டும் போதாது. கல் சுமக்கவேண்டும், மாட்டைத் தடுக்கவேண்டும், கன்றை வளர்க்கவேண்டும். அது இரண்டாவது வேலை.

அதற்கு அமைதியும் தேவை. தெற்கு கோண்டார் இருக்கும் அம்ஹாரா மாநிலத்தில், 2023-ம் ஆண்டில் ராணுவத்துக்கும் உள்ளூர்ப் படையினருக்கும் சண்டை மூண்டது. ஊர் நிம்மதியாக இருந்தால்தான் சுவர் எழும்பும்.

தாத்தா காலத்து மரத்தைக் கும்பிடுவது எளிது. பேரன் காலத்துக்கு ஒரு கன்றைக் காப்பாற்றுவதுதான் கடினம். பக்திக்கு அதுவே சோதனை!