நிலம் கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை

வட அமெரிக்கப் பெரும்புல்வெளியில் குடியேறிய ஐரோப்பிய உழவர்களைப் பற்றி எழுதுவோர், அவர்தம் வாழ்வை உழைப்பு, வெற்றி என்னும் இரு சொற்களுக்குள் அடக்கிவிடுவதை நாம் அடிக்கடி காண்கிறோம். கைப்பொருளின்றி வந்தார்கள், அரசு இலவசமாக நிலம் தந்தது, பாடுபட்டார்கள், செழித்தார்கள் என்பதே அக்கதையின் சுருக்கம். வில்லா கேதரின் 'என் ஆன்டோனியா' (1918) புதினத்தைப் போற்றுவோரும் பெரும்பாலும் இவ்வழியே செல்கின்றனர். செக் இனப் பெண்ணொருத்தி நெப்ராஸ்கா மண்ணோடு போராடி வென்று, மக்கள் பலர் சூழப் பண்ணையின் தலைவியாக நிற்கும் இறுதிப் பகுதியே அவர்கள் நினைவில் தங்குகிறது. புதினத்தின் முதற்பகுதியிலேயே இறந்துபோகும் அவள் தந்தையை ஒரு துயர நிகழ்ச்சியாக மட்டும் கண்டு கடந்துவிடுகின்றனர். அத்தந்தையை நடுவில் வைத்துப் படித்தால்தான் அவ்வாழ்க்கை நமக்கு விளங்கும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

முதலில் அந்த 'இலவச நிலம்' எத்தகையது என்று காண்போம். 1862-ஆம் ஆண்டு மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட குடியேற்ற நிலச் சட்டத்தின்படி, 21 வயது நிரம்பியவர் அல்லது குடும்பத் தலைவராக இருப்பவர் எவரும் சிறு கட்டணம் செலுத்தி 160 ஏக்கர் வரை பெறலாம். மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் விண்ணப்பிக்கலாம். குடியுரிமை பெறும் எண்ணத்தை முறைப்படி அறிவித்த அயல்நாட்டாருக்கும் அவ்வுரிமை உண்டு. ஐந்தாண்டுகள் அந்நிலத்திலேயே குடியிருந்து, வீடு கட்டிப் பயிர் செய்தால் பட்டா கிடைக்கும். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடைமுறையில் இருந்த இச்சட்டத்தின் வழியே ஏறத்தாழ 16 இலட்சம் பேர் பட்டா பெற்றனர். அவர்கள் கைக்குச் சென்ற நிலம் சுமார் 27 கோடி ஏக்கர்.

அக்காலத்தில் ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்த பொஹீமியாவின் சிற்றுழவனுக்கு இச்செய்தி எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நிலக்கிழாருக்குக் கூலியின்றி உழைக்கும் கட்டாயம் அங்கே 1848-இல்தான் ஒழிந்தது. ஒழிந்த பின்னரும் பலருக்குச் சொந்தமாக இருந்தது ஒரு குடிசையும் சில துண்டு நிலமுமே. 1866-இல் பிரஷ்யாவுடன் நடந்த போர் அம்மண்ணிலேயே நடந்தது. இளைஞர்களைப் படைக்கு இழுக்கும் அச்சமும் இருந்தது. கப்பல் நிறுவனங்களும், தமக்குரிய நிலத்தை விற்க முனைந்த இரயில் நிறுவனங்களும் ஆசை காட்டின. இந்நிலையில் 160 ஏக்கர் என்பது ஒரு ஜமீனுக்கு நிகராகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் அந்நிலத்தின் வடிவத்தை எவரும் அவனுக்கு விளக்கவில்லை. 1785-இல் வகுக்கப்பட்ட அளவை முறைப்படி அரசுக்குரிய நிலம் ஆறு மைல் சதுரங்களாகவும், ஒவ்வொரு சதுரமும் 36 ஒரு மைல் கட்டங்களாகவும் பிரிக்கப்பட்டது. ஒரு கட்டத்தின் கால்பங்கே 160 ஏக்கர். அதாவது பக்கத்துக்கு அரை மைல் நீளமுள்ள சதுரம். மேடு, பள்ளம், ஆறு எதையும் அக்கோடுகள் பொருட்படுத்தவில்லை. நிலமும் பொழுதுமே முதற்பொருள் எனத் தொல்காப்பியத்தில் படித்த நமக்கு, நிலத்தின் இயல்பை அறியாமல் அதன்மேல் வாழ்க்கையை வரைந்த இம்முறை விந்தையாகவே படுகிறது.

அதன் விளைவு யாது? பொஹீமியக் கிராமத்தில் வீடுகள் ஒரு பொதுத் திடலைச் சுற்றி நெருங்கி நிற்கும். கோயிலும் குளமும் மதுக்கடையும் அங்கேயே இருக்கும். வயல்கள் ஊருக்கு வெளியே. காலையில் வயலுக்குப் போனவன் மாலையில் ஊருக்குத் திரும்புவான். நெப்ராஸ்காவிலோ சட்டம் ஒவ்வொரு குடும்பத்தையும் தன் சதுரத்துக்குள்ளேயே குடியிருக்கச் சொன்னது. அடுத்த வீடு அரை மைல் அல்லது ஒரு மைல் தொலைவில். அங்கே இருப்பவர் நார்வேக்காரராகவோ ஜெர்மானியராகவோ வர்ஜீனியாக்காரராகவோ இருக்கலாம். மரம் இல்லாத அவ்வெளியில் மேட்டைக் குடைந்த குகையோ, கலப்பையால் புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கிய வீடோதான் முதல் இருப்பிடம். விறகுக்கு வழியில்லாமல் வைக்கோற்புரியையும் வறட்டியையும் எரித்தனர். பனிக்காலத்தில் வாரக்கணக்கில் பிற முகம் காணாதிருப்பதும் உண்டு.

இத்தகைய நிலத்துக்குத்தான் 1880-இல் பிரான்சிஸ் சாதிலெக் என்பவர் பொஹீமியாவிலிருந்து குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். நெப்ராஸ்காவின் வெப்ஸ்டர் மாவட்டத்தில் குடியேறிய அவர், 1881-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இரண்டாண்டு கழித்து, ஒன்பது வயதுச் சிறுமியாக வர்ஜீனியாவிலிருந்து அதே பகுதிக்கு வந்த வில்லா கேதரின் காதில் விழுந்த முதற்கதைகளுள் ஒன்று இம்மரணம். அவர் மகள் அன்னாவே (1869–1955) பின்னாளில் ஆன்டோனியாவாகப் புதினத்தில் உருக்கொண்டவர்.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். மாணவியாக இருந்த கேதர் 1892-இல் வெளியிட்ட முதற்சிறுகதையான 'பீட்டர்' இம்மரணத்தைப் பற்றியதே. அதில் வரும் முதியவர், தம் வயலினை மகன் விற்றுவிடக் கூடாதென்று இறக்கும் முன் அதை உடைத்துவிடுகிறார். மகனோ எஞ்சிய வில்லை எடுத்துச்சென்று, அடக்கத்துக்கு முன்பே விற்றுவிடுகிறான். 26 ஆண்டுகள் கழித்து எழுதிய புதினத்தில் மீண்டும் அம்மரணத்துக்கே திரும்புகிறார் கேதர். அங்கே ஷிமெர்தா என்னும் பெயரில் வருபவர் ஒரு நெசவாளர். ஊரில் திருமணங்களுக்கு வயலின் வாசித்தவர். அமெரிக்காவில் அதைத் தொடாதவர். தம் மொழி பேசிய ஒரே அண்டைவீட்டானிடம் அதிக விலைக்கு நிலம் வாங்கி ஏமாந்தவர். வேறு மொழி தெரியாததால் அவனையே சார்ந்திருக்க வேண்டியிருந்தது. ஓர் எழுத்தாளர் தம் இளமையிலும் நடுவயதிலும் திரும்பத் திரும்ப நாடிச் செல்லும் நிகழ்வை நாம் கிளைக்கதை என்று ஒதுக்க முடியுமா?

அதே தனிமையைத் தாங்கிப் பிழைத்தவர் பல்லாயிரவர் உண்டே, இவர் மனவலிமை குன்றியவர் என்பதுதானே உண்மை என்று சிலர் கேட்கலாம். ஒரு மனிதரின் இறுதி முடிவுக்கு ஒரே காரணத்தைக் காட்டுவது நேர்மையன்று என்பதை நாமும் ஏற்கிறோம். ஆயினும் பிழைத்தவர்கள் எவ்வாறு பிழைத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? 1871-இல் ஒமாஹா நகரில் செக் மொழிச் செய்தித்தாள் ஒன்று தோன்றியது. 1891-இல் 'ஹோஸ்பொடார்ஷ்' என்னும் உழவர் இதழ் வந்தது. தொலைதூரப் பண்ணைகளிலிருந்து உழவர்கள் எழுதிய கடிதங்கள் அதில் இடம்பெற்றன. 1897-இல் மேற்குப் பகுதிச் செக் மக்களுக்கென ஒரு சகோதரச் சங்கம் நிறுவப்பட்டது. இறந்தவர் குடும்பத்துக்குக் காப்பீட்டுத் தொகை தந்ததோடு, அதன் கிளைகள் கூடி ஆடிப்பாடும் இடங்களாகவும் விளங்கின. சட்டம் தராத ஊரை இவர்கள் தாளிலும் மன்றத்திலுமாகத் தாமே கட்டிக்கொண்டார்கள் என்றே நாம் இதைப் புரிந்துகொள்கிறோம். புல்வேரை உழுது கிழித்ததைவிடப் பெரிய உழைப்பு இதுவே. சாதிலெக் வாழ்ந்த காலத்தில் அவருடைய மூலையில் இவற்றுள் பெரும்பாலானவை இல்லை.

கட்டிய ஊருக்கும் இடையூறு வராமலில்லை. புதினம் வெளிவந்த மறுஆண்டே, 1919-இல், எட்டாம் வகுப்பை முடிக்காத பிள்ளைகளுக்குப் பள்ளியில் அயல்மொழி கற்பிப்பதை நெப்ராஸ்கா அரசு தடைசெய்தது. 1923-இல்தான் அமெரிக்க உச்சநீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது. ஆன்டோனியாவின் பிள்ளைகள் வீட்டில் செக் மொழியே பேசுகிறார்கள் என்று கேதர் எழுதியதை இப்பின்னணியில் படித்தால், அது வெறும் குடும்பச் சித்திரம் அன்று என்பது தெரியும்.

இன்னொரு மறுப்பும் உண்டு. அது முன்னதினும் வலியது. குடியேறியவர்களின் துயரைப் பேசும் நாம், அந்நிலத்தை இழந்தவர்களை மறக்கலாமா? நெப்ராஸ்காவின் பெரும்பகுதியைப் பாவ்னி மக்கள் ஒப்பந்தங்களின் பெயரால் இழந்தனர். 1870-களில் தெற்கே வேற்றிடத்துக்கு அகற்றப்பட்டனர். அடுத்த சில ஆண்டுகளிலேயே சாதிலெக் குடும்பம் வந்துவிட்டது. புதினத்திலோ முன்னாளில் செவ்விந்தியர்கள் குதிரையோட்டிய வட்டத்தடம் ஒன்று பனியில் மங்கலாகத் தெரிவதோடு சரி. இது கேதரின் குறையே. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வெற்றிக் கதையாகப் படிப்போர் கண்ணில் அவ்வட்டமும் படுவதில்லை, அத்தந்தையும் படுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

புதினத்தில் ஷிமெர்தாவுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் மறுக்கப்படுகிறது. அவருடைய நிலத்தின் மூலையில், பிற்காலத்தில் இரு சாலைகள் சந்திக்கப்போகும் இடத்திலேயே புதைக்கின்றனர். ஆண்டுகள் செல்கின்றன. அளவைக்கோட்டின்படி சாலைகள் வருகின்றன. ஆனால் அவை கல்லறையின்மேல் ஏறாமல் சற்றே வளைந்து செல்கின்றன. உழப்படாத பழைய புல் அச்சிறு இடத்தில் மட்டும் எஞ்சி நிற்கிறது. நில அலுவலகப் பதிவேட்டில் பட்டா பெற்றவர் பெயர் இருக்கும். பெறாமல் போனவருக்கு இவ்வளைவு ஒன்றே பதிவு. 'என் ஆன்டோனியா'வை இனிப் படிக்கப் போகிறவர்கள், ஏற்கெனவே படித்தவர்கள் ஆகிய இரு சாராரையும் அவ்விடத்தில் சற்று நின்று செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.