இரண்டு ஊர், இரண்டு வீடு

சென்ற ஞாயிறன்று என் மகளுடன் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்தேன். ராஜபாளையத்திலிருந்து சுமார் 12 கி.மீ.தான்.

அங்குள்ள கோயிலின் பதினோரு நிலைக் கோபுரத்தை எழுப்பியவர் பெரியாழ்வார் என்பார்கள். பாண்டியன் சபையில் வென்ற பொற்கிழியைக் கொண்டு கட்டினார் என்பது ஐதீகம். அவர் குடியிருந்த வீடுதான் இன்று அவர் மகள் கோதை என்னும் ஆண்டாளின் சன்னதி. அதனால்தான் அதற்கு நாச்சியார் திருமாளிகை என்று பெயர். கண்ணாடிக் கிணற்றை எட்டிப் பார்த்த மகள், "கோதை மாலை சூடி முகம் பார்த்தது இங்கேயாம்மா?" என்றாள். அருகிலேயே துளசிமாடம் உள்ள நந்தவனம். வாசலுக்கு வந்தால் கடைகளில் சூடான பால்கோவா மணம்.

திரும்பும் வழியில், 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராயிருந்த பூ.ச. குமாரசாமி ராஜா பற்றிச் சொன்னேன். ராஜபாளையத்தில் தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு எழுதிக் கொடுத்த மனிதர் அவர். பேருந்தில் உடன் வந்த கல்லூரி மாணவர்கள் இருவருக்கு அது புதுச் செய்தி, மனம் வலித்தது.

குற்றாலம் போகும் பயணிகள் பலர் இந்த இரு ஊர்களையும் கடந்துதான் போகிறார்கள். இறங்கிப் பார்க்க, இரண்டு பேருந்து நிலையங்களிலும் வரலாற்றுக் குறிப்புடன் வழிகாட்டிப் பலகை வைக்குமாறு உரியவர்களை உங்கள் இதழ் வழியே கேட்டுக்கொள்கிறேன்.

- வாசகி, ராஜபாளையம்