தாய்க்கு வேண்டுவது புகழா, நினைவா?

"தாயே தெய்வம்" என்று மேடைதோறும் முழங்குவோரை நாம் ஒன்று கேட்கின்றோம்: பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு நீங்கள் செய்தது யாது?

ஜெர்மானியச் சிற்பி கேத்தே கோல்விட்ஸ் அம்மையாரின் மகன் பீட்டர் 1914 அக்டோபரில், 18 வயதில், போரில் மாண்டான். அம்மையார் ஒப்பாரியோடு நின்றாரில்லை. மரப்பலகையைச் செதுக்கி, 'போர்' என்னும் ஏழு அச்சுப்படங்களை 1923இல் வெளியிட்டார். ஒன்றிலே தாய்மார் ஒருவரையொருவர் தழுவி, மதிலாய் நின்று மக்களைக் காக்கின்றனர். 1932இல் பெல்ஜியத்து மயானத்தில் அவர் நிறுவிய கற்சிலைகளோ, மண்டியிட்ட தாயும் தந்தையுமே, வீரப்பெருமை அங்கில்லை.

1942-43இல் மலாயாவிலிருந்து சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழருள் பல்லாயிரவர் மீளவில்லை. அவரைப் பெற்ற தோட்டத்து அன்னையரின் முகம் எந்தப் பலகையில் செதுக்கப்பட்டது?

சில பிரதிகளே அச்சிட்டு, கையொப்பமிட்டு, செல்வர் கூடத்தில் மாட்டுவதே கலைக்கு மதிப்பு என்பர். அம்மையாரின் படங்களும் அவ்வாறு விற்றனவே. ஆயினும் 1924இல் 'இனிப் போர் வேண்டா' என்று சுவரொட்டி வரைந்து தெருவுக்கு வந்தார். அச்சின் தருமம் அதுவே.

"படம் சோறு போடுமா?" என்பீரேல், மேடையில் போர்த்தும் பொன்னாடை எவர் வயிற்றை நிரப்பிற்று?

கலும்பாங் வட்டாரத்து இளைஞர்களே! தம் தாயரிடம் கேட்டதைச் சொல்ல வல்ல முதியோர் இன்னும் உளர். கேட்டு எழுதுங்கள், செதுக்குங்கள், வரம்பின்றி அச்சிட்டுத் தமிழ்ப்பள்ளிதோறும் மாட்டுங்கள். அதன் பின்னர்த் தாயைத் தெய்வமென்று சொல்லுங்கள், நாமும் கேட்கின்றோம்.